அன்பு சுரக்காத மனதோடு செய்யும் பணிவிடை மாய்மாலமா?

கேள்வி: தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. விதவையான என் மாமியார் நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்ப் படுக்கையில் இருக்கிறார்கள். காலை நாலரை மணிக்கு எழுந்து துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். பகலில் சம்பளத்துக்கு ஒரு பெண் வருகிறாள். மாலையிலிருந்து மறுபடி நான்தான். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும். நான் காலையில் கண்விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூடச் சில இரவுகளில் தோன்றுகிறது. திருமணமான நாள் முதல் நகையைக் குறித்தும் என் வீட்டாரைக் குறித்தும் அவர்கள் பேசியவை இன்னும் என் காதில் இருக்கின்றன. என் தகப்பனார் இறந்தபோதுகூட அடக்க ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்புதான் என்னை அனுப்பினார்கள். ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்து எல்லாம் செய்கிறேன்; அன்பு மட்டும் வரவில்லை. போன மாதம் சோற்றைத் துப்பியபோது, அவர்கள் கையை முரட்டுத்தனமாக இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை. மூத்த மகனான என் கணவர், 'இது உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை' என்கிறார். கொழுந்தன்மார் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். நாத்தனார் ஒரு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறாள். எங்கள் ஊருக்கு வந்த ஒரு ஊழியக்காரர், என் விசுவாசக் குறைவால்தான் சுகம் வரவில்லை, 21 நாள் உபவாசமிருந்து பத்தாயிரம் ரூபாய் காணிக்கை வைக்க வேண்டும் என்கிறார். நான் மாய்மாலக்காரியா? என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காலையில் கண்விழிக்காமல் போனால் நல்லது என்று ஒரு வரியை எழுதிவிட்டு, அதைக் குறித்து எதுவும் கேட்காமல் மாமியாரிடம் திரும்பிவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக முழு இரவு தூங்காத ஒருவருக்கு இந்த எண்ணம் வருவதை அவிசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன்; உடலும் மனமும் தங்கள் எல்லைக்கு வந்துவிட்டதைச் சொல்கின்றன. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவை வேண்டிக்கொண்டபோது, அவரிடம் வந்த தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி படுத்துக்கொண்டவரைத் தூங்கவிட்டு, இரண்டாம் முறை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு. ஆகையால் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்து, தூக்கமின்மையையும் இந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணம் வலுக்கிறது என்று தோன்றினால், எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்தச் சேவை அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இனி, நீங்கள் மாய்மாலக்காரியா என்ற கேள்வி. நற்செய்தி நூல்களில் மாய்மாலக்காரர் என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது நாடக நடிகனைக் குறிக்கும் சொல். நடிப்பவனுக்குப் பார்ப்பவர்கள் வேண்டும். சந்திகளில் நின்று ஜெபித்தவர்களை ஆண்டவர் அப்படி அழைத்ததற்குக் காரணம் அதுதான். காலை நாலரை மணிக்கு, வீடு முழுவதும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, உங்களைப் பாராட்ட வாய்கூட இல்லாத ஒருவரின் உடலைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் பார்க்க இந்த நடிப்பு? திராட்சத்தோட்டத்துக்குப் போ என்ற தகப்பனிடம் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு, பிறகு மனஸ்தாபப்பட்டுப் போன மகனையே ஆண்டவர் தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் என்றார் (மத்தேயு 21). 'போகிறேன் ஐயா' என்று இனிமையாகச் சொல்லிவிட்டுப் போகாதவன் வேறொருவன். உங்கள் மனம் தினமும் காலையில் 'மாட்டேன்' என்கிறது. உங்கள் கால்கள் போய்விடுகின்றன.

நம்முடைய திருச்சபைகளில் அன்பு என்றாலே நெஞ்சு நெகிழ்வது என்று கற்பித்துவிட்டோம். எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் வந்தால் அன்பு இருக்கிறது, வராவிட்டால் குளிர்ந்துபோய்விட்டோம் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். திருமணந்தோறும் வாசிக்கிறோமே 1 கொரிந்தியர் 13, அதில் பவுல் அன்பைப் பற்றிச் சொல்லும் பதினைந்து சொற்களும் கிரேக்கத்தில் வினைச்சொற்கள். தமிழில் 'நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்று வாசிக்கும்போது அது ஒருவருக்கு வாய்த்த குணம்போலக் கேட்கிறது. பவுல் எழுதியதோ, அன்பு பொறுத்துக்கொள்கிறது, தயவு செய்கிறது என்ற பொருளில். ஆண்டவரும் தம்மிடத்தில் அன்பாயிருந்தால் தம் கற்பனைகளைக் கைக்கொள்ளச் சொன்னாரே தவிர (யோவான் 14:15), உள்ளம் உருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நான் கடந்துபோனால் உங்கள் காயத்தைத் தொடாமல் போனவனாவேன். சொந்தச் சகோதரர்களே அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பைப் பாருங்கள். எகிப்தில் முதல் மகன் பிறந்தபோது, தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்று சொல்லி மனாசே என்று பெயரிட்டார். மறந்துவிட்டாரா? சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்ற அன்று தெரிந்தது. அவர்களிடம் கடினமாகப் பேசினார், மூன்று நாள் காவலில் வைத்தார், பிறகு அவர்களை விட்டு அப்புறம் போய் அழுதார். ஆதியாகமம் 42-இல் நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் வாசித்துப் போன ஓர் இடம் அதற்கு அடுத்த வசனம். இன்னும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பேசப்படாத நேரத்தில், தான் யார் என்று சொல்லக்கூட யோசேப்பால் முடியாத நேரத்தில், அவர்களுடைய சாக்குகளைத் தானியத்தால் நிரப்பவும், பணத்தைத் திருப்பி வைக்கவும், வழிக்கு ஆகாரம் கொடுக்கவும் கட்டளையிட்டார். சாக்கு முதலில் நிரம்பிவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது மூன்று அதிகாரங்கள் கழித்துத்தான் வருகிறது. இடையில் ஒரு நீண்ட பயணம், ஒரு பஞ்சம், பல தயக்கங்கள். நீங்கள் இப்போது அந்த இடைப்பட்ட அதிகாரங்களில் இருக்கிறீர்கள்.

யோசேப்புக்கு இருந்த ஒன்று உங்களுக்கு இல்லை என்பதையும் நான் அறிவேன். அவருடைய சகோதரர்கள் கடைசியில் தங்கள் பாதகத்தை வாயால் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். உங்கள் மாமியாருக்குப் பேச்சு போய்விட்டது. உங்கள் தகப்பனாரின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டிய நேரத்தில் உங்களைத் தடுத்ததற்காக அவர் ஒருபோதும் வருத்தம் தெரிவிக்கப்போவதில்லை. வருத்தம் இருந்தாலும் அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் வழி அவரிடம் இல்லை. அந்த மன்னிப்புக்காக நீங்கள் உள்ளுக்குள் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும், ஒவ்வொரு முறை ஊட்டும்போதும் அது வரவில்லை என்பது புதிதாக உறுத்துகிறது என்றும் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காத்திருப்பை ஒரு இழப்பாகவே ஒப்புக்கொண்டு அழுதுவிடுங்கள். அவர் செய்தது தவறு என்று கர்த்தரிடம் பெயர் சொல்லி, நாள் சொல்லி முறையிடுங்கள்; சங்கீதங்களில் பல அப்படிப்பட்ட முறையீடுகள்தான். மன்னிப்பது என்றால் நடந்ததைச் சின்னதாக்குவது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கையை இழுத்த அந்த மாலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளவில்லை. அது தவறு. மறுபடி அப்படிக் கோபம் ஏறினால், அவர் விழுந்துவிடாதபடி தலையணை வைத்துவிட்டு, பத்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள்; யோசேப்பும் வெளியேதான் போனார். அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேளுங்கள். பேச்சு இழந்த பக்கவாத நோயாளிகள் பலருக்குப் பிறர் பேசுவது நாம் நினைப்பதைவிட அதிகமாகப் புரியும். கூடவே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசைகளும் பலவீனமாவது சாதாரணம். சோற்றைத் துப்புவது உங்களை அவமதிக்க அல்லாமல், தொண்டைக்குள் இறங்காததால் இருக்கலாம். இது வெறும் சமாதானம் அல்ல. உணவு மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா வரும். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உணவைச் சிறு கரண்டியில் மெதுவாகக் கொடுத்து, மருத்துவரிடம் விழுங்கும் திறனைச் சோதிக்கக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் திருவிருந்துக்குப் போங்கள். தகுதியாகிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தால் அந்தப் பந்தியில் யாருக்கும் இடம் இருக்காது.

இப்போது உங்கள் கணவர் சொன்ன சிலுவைக்கு வருகிறேன். இந்தப் பதிலை நான் எழுத விரும்பியதே இதற்காகத்தான். தன்னைப் பின்பற்றுகிறவன் தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார் (லூக்கா 9:23). தன் சிலுவையை எடுத்து மனைவியின் தோளில் வைக்கும்படி அவர் யாருக்கும் கட்டளையிடவில்லை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணும் கற்பனை, பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்பட்டது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் இன்னும் திட்டமாகச் சொல்கிறார்: விதவைக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால், அவர்கள்தான் முதலாவது தங்கள் குடும்பத்தை விசாரித்து, பெற்றோருக்குப் பதில் நன்மை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் (1 தீமோத்தேயு 5:4). நம் நாட்டில் 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் மகன், மகள், பேரன், பேத்தி இருக்கிறார்கள். மருமகள் இல்லை. அப்போஸ்தலரின் பட்டியலிலும் மருமகள் இல்லை. இந்தப் பட்டியலில் மருமகளை முதலிடத்தில் எழுதியது நம்முடைய வீட்டு வழக்கம்தான்.

உடனே உங்களுக்கு யாராவது, விதவையான பின்னும் மாமியார் நகோமியை விட்டுப் பிரியாத ரூத்தை நினைவுபடுத்துவார்கள். ரூத் மாமியாரோடு போனது அவளாக எடுத்த முடிவு. திரும்பிப் போகும்படி நகோமியே கெஞ்சினாள், திரும்பிப் போன மற்ற மருமகள் ஒர்பாளை வேதம் ஒரு வார்த்தைகூடக் குறைசொல்லவில்லை. மேலும், நகோமிக்கு அப்போது உயிரோடு மகன்கள் இல்லை. உங்கள் மாமியாருக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு மகளும் இருக்கிறாள்.

ஆகவே உங்கள் களைப்பைக் குறித்து நான் சொல்லவேண்டியது இதுதான். நீங்கள் செய்வது உங்கள் கீழ்ப்படிதல் மட்டும் அல்ல. நான்கு பேருடைய கீழ்ப்படிதலைச் சேர்த்து நீங்கள் ஒருவரே செய்துகொண்டிருக்கிறீர்கள். அன்பு வற்றியது ஏன் என்று தேடி உங்கள் விசுவாசத்தைத் தோண்டிப் பார்ப்பதற்கு முன், இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. என் தாயார் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தபோது, நான் என் பொறுப்பிலிருந்த திருச்சபைச் சேகரத்தில் ஞாயிறுதோறும் அன்பைப் பற்றிப் பிரசங்கித்தேன். வீட்டில் எல்லாவற்றையும் என் மனைவி செய்தாள். நான் தினமும் கட்டிலருகே நின்று கண்மூடி ஜெபித்துவிட்டு வெளியே போவேன். ஒருநாள் அவள், 'ஜெபிக்கும்போது அந்தப் பக்கம் தலையணையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்களேன், நான் அத்தையைத் திருப்பிக்கொள்கிறேன்' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு கைகளும் வேலையாக இருந்த அந்த ஜெபம்தான் அந்த ஆண்டில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் என்று இப்போது நினைக்கிறேன். பெற்ற தாயைத் துடைத்துவிட ஆண்களுக்குக் கூச்சம் இருக்கிறது என்பார்கள்; எனக்கும் இருந்தது. ஆனால் தூக்கி உட்காரவைக்கவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும், ஊட்டவும், மாத்திரை கொடுக்கவும், இரவில் எழுந்திருக்கவும் எந்தக் கூச்சமும் தடையல்ல. உங்கள் கணவர் இரவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் குறைந்தது நான்கு இரவுகள், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும்.

கொழுந்தன்மாருக்கும் நாத்தனாருக்கும் உங்கள் கணவர் கையால் ஒரு கடிதம் போகட்டும். காலை நாலரை முதல் மறுநாள் காலை வரை என்னென்ன வேலை, எந்த நேரத்தில், யார் செய்கிறார்கள் என்பதையும், மாதம் டயப்பருக்கும் மருந்துக்கும் உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளத்துக்கும் எவ்வளவு ஆகிறது என்பதையும் குற்றச்சாட்டு இல்லாமல் அதில் அப்படியே எழுத வேண்டும். பணத்தில் பங்கு கேட்பதோடு நிறுத்தாமல், ஆண்டில் சில வாரங்கள் ஒவ்வொருவரும் வந்து தங்கித் தாயைப் பார்த்துக்கொள்ளவும் கேளுங்கள். பேச்சு நடக்கும் நாளில் உங்கள் குருவானவரையும் வீட்டுக்கு அழையுங்கள். அவர் முன்னிலையில் சிலர் பேசும் விதம் மாறும், இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்து பாடி ஜெபித்துவிட்டுக் காபி குடித்துப் போகிறார்களென்றால், காபியோடு ஒரு விண்ணப்பமும் வையுங்கள்: சனிக்கிழமைதோறும் ஒருவர் இரண்டு மணி நேரம் கட்டிலருகே இருக்கட்டும். நம் பக்கத்தில், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு ஊரே உட்கார்ந்து காய்கறி நறுக்குகிறது. அத்தனை பேருக்கான சோற்றை ஒரே வீட்டின் தலையில் வைப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இல்லத்தில் சேர்ப்பது கீழ்ப்படியாமையா என்பதற்கு, காயப்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டிய சமாரியனையே கேட்கலாம். அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனை விசாரி என்று ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அதற்காக ஆண்டவர் அவனைக் குறைசொல்லவில்லை. ஆனால் செலவு கூடினால் தான் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லியிருந்தான். அந்தத் திரும்பி வருதலைக் கழித்துவிட்டால் ஒப்படைத்தது கைகழுவுவதாகிவிடும். உங்கள் நாத்தனார் எந்தப் பொருளில் சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கவனிப்புள்ள இல்லம் கிடைத்து, பிள்ளைகள் முறைவைத்து வந்து பார்ப்பார்களென்றால் அதில் பாவம் இல்லை. என் கருத்தைக் கேட்டால், முதலில் இரவுப் பொறுப்பும் பகல் உதவியும் சீராகி ஆறு மாதம் ஆகட்டும். இவ்வளவு களைப்பில் எடுக்கும் முடிவு பிறகு உங்களையே குற்றப்படுத்தும்.

ஊழியக்காரருக்கான பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உபவாசம் வேண்டாம், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறதா என்றுகூட உங்களைக் கேட்காமல், தினமும் ஒரு நோயாளியைத் தூக்கும் பெண்ணை 21 நாள் பட்டினி கிடக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். காணிக்கையும் வேண்டாம். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட இடம் மாற்கு 7-இல் இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் ரூபாய்க்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை வாங்கலாம். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கிக் காணிக்கை கொடுத்தபோது எலிசா தீர்க்கதரிசி வாங்க மறுத்தார், பின்னால் ஓடிப்போய் வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி என்பதையும் அந்த ஊழியக்காரருக்கு நினைவுபடுத்தலாம்; நீங்கள் நினைவுபடுத்தமாட்டீர்கள் என்று தெரியும்.

சுகம் வராதது விசுவாசக் குறைவால் என்றால், பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததை எப்படி விளங்கிக்கொள்வது? உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். 1901 முதல் அங்கே அவர் சேர்த்து வளர்த்த பிள்ளைகளும் உடன் ஊழியர்களும் நிறைந்த வளாகம் அது. அவருக்காக ஜெபித்தவர்களுக்குக் குறைவு இருந்திருக்குமா? அவர் முழுச் சுகம் பெறவில்லை. அதைக் கொண்டு டோனாவூரில் விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? உங்கள் மாமியார் சுகமாக வேண்டும் என்று ஜெபிப்பதை நிறுத்தவேண்டாம். அந்த ஜெபத்துக்கு வரும் பதிலை உங்களுக்கான மதிப்பெண்ணாக வைத்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடுங்கள். கர்த்தரை நம்புவது என்பது இப்போது உங்களுக்கு, நீங்கள் தூங்கும் நேரத்தில் அவர் வேறு கைகளைக்கொண்டு உங்கள் மாமியாரைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் கண்ணை மூடுவதாக இருக்கலாம். எல்லாவற்றையும் நானே செய்யாவிட்டால் எதுவும் நடக்காது என்று நான்கு ஆண்டுகளாகப் பழகிய ஒருவருக்கு அது எளிதல்ல.

இன்னொன்று. மாமியார் இளவயதில் ஆலயப் பாடகர் குழுவில் இருந்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பேச்சை இழந்த பக்கவாத நோயாளிகளில் சிலர், தெரிந்த பாட்டைக் கேட்டால் ராகத்தோடு சேர்ந்து குரல் கொடுப்பதுண்டு. பேச முடியாத சொற்கள்கூடப் பாட்டில் வந்துவிடும். பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும்போது அவருக்குப் பழக்கமான ஒரு கீர்த்தனையை உங்கள் கணவர் பாடிப் பார்க்கட்டும். ஆம், அவர்தான், ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் அந்த நேரத்தில் அடுத்த அறையில் இருங்கள். கடிதம் கொழுந்தன்மாருக்குப் போய்ச் சேர்ந்து பதில் வந்ததும், என்ன எழுதியிருந்தார்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.